டெல்டாவில் நாய் வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாய் வளர்ப்பு பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை அடுக்குமாடி வீட்டு நாய்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் வளரும் நாயின் நிலைமை வேறு. கொல்லையைத் தாண்டினால் வயல், வயலைத் தாண்டினால் வாய்க்கால். ஆற்றில் தண்ணீர் வருவது, நடவு, மருந்தடிப்பு, ஐப்பசி மழை, அறுவடை எல்லாமே நாயின் உடம்பில் தெரியும். எந்தப் பருவத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தால் எத்தனையோ நாய்களைக் காப்பாற்றிவிடலாம். அந்த எண்ணத்தில்தான் நம் பக்கத்து ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். மருந்தின் அளவை எங்கேயும் எழுதவில்லை. அதை நாயை நேரில் பார்க்கும் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

குட்டி கொண்டுவந்திருக்கிறோம். முதலில் என்ன செய்ய வேண்டும்?

முதலில் வயதைக் கேளுங்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காமல் இருப்பது நல்லது. கண் திறந்த உடனேயே தூக்கிக்கொண்டு வரும் பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. அப்படி வரும் குட்டிகளுக்கு எதிர்ப்புச் சக்தியும் குறைவு, கடிக்கும் அளவு தெரியாமலும் வளரும்.

அடுத்தது குடற்புழு நீக்கம். இரண்டு வார வயதில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, எட்டு வாரம் வரை. அப்புறம் ஆறு மாதம் ஆகும்வரை மாதம் ஒருமுறை. அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுத்தால் போதும். வயிறு மட்டும் பானை மாதிரி உப்பி, முதுகெலும்பு துருத்திக்கொண்டிருக்கும் குட்டியை 'நல்லா சாப்பிடுது' என்று நினைத்துவிடாதீர்கள். அது பெரும்பாலும் புழு. இந்தப் புழுக்களில் சில மண் வழியாகக் குழந்தைகளுக்கும் வரும்.

மூன்றாவது தடுப்பூசி. ஆறு முதல் எட்டு வார வயதில் முதல் கூட்டுத் தடுப்பூசி. அதன்பின் மூன்று, நான்கு வார இடைவெளியில், குட்டிக்குப் பதினாறு வாரம் ஆகும்வரை தொடர்ந்து போட வேண்டும். பலர் ஒரே ஒரு ஊசியோடு நிறுத்திவிட்டு, 'ஊசி போட்டும் செத்துப்போச்சே' என்று வருத்தப்படுகிறார்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசியை வேலை செய்யவிடாமல் தடுக்கும். அதனால்தான் மறுபடி மறுபடி போடுகிறார்கள். மூன்று மாத வயதில் வெறிநாய்க்கடி தடுப்பூசி. பிறகு ஆண்டுதோறும் ஒன்று.

இந்தக் காலத்தில் குட்டியைக் கடைத்தெருவுக்கும் குப்பைமேட்டுப் பக்கமும் கூட்டிப்போகக் கூடாது. பார்வோ என்ற வைரஸ் நோய் அங்கிருந்துதான் வரும். வாந்தி, பிறகு ரத்தமும் நாற்றமுமாகப் பேதி. இரண்டு மூன்று நாளில் குட்டி கண்முன்னே வற்றிப்போகும். மோர் கொடுத்துப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் காப்பாற்றுவது கஷ்டம். அன்றைக்கே குளுக்கோஸ் ஏற்ற ஆரம்பித்தால் பிழைக்கும் குட்டிகள் நிறைய.

போன குட்டி பார்வோவில் இறந்துவிட்டது. அதே இடத்தில் புதுக் குட்டி வளர்க்கலாமா?

உடனே வேண்டாம். அந்த வைரஸ் மண்ணிலும் சுவரிலும் பல மாதம் உயிரோடிருக்கும். சாதாரண பினாயிலுக்கு அது சாகாது. சிமெண்டுத் தரையாக இருந்தால் ப்ளீச்சிங் கரைசல் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். மண் தரையில் ப்ளீச்சிங் சரியாக வேலை செய்யாது. அங்கே வெயிலும் காலமும்தான் துணை. அவசரமாக நாய் வேண்டுமென்றால் தடுப்பூசி முழுவதும் முடிந்த வளர்ந்த நாயை எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊருக்கு எந்த நாய் ஏற்றது?

தெருவில் பிறந்த நாட்டு நாய்க் குட்டிதான் என் முதல் சிபாரிசு. நம் ஈரக்காற்றையும் வெயிலையும் தாங்கும், சொன்னதைப் பிடித்துக்கொள்ளும், தோல் நோய் குறைவு. சிப்பிப்பாறையும் கன்னியும் அருமையான நாய்கள். ஆனால் அவை ஓடப் பிறந்தவை, நாலு சென்ட் வீட்டில் கட்டிப்போட்டால் வாடிவிடும். இராஜபாளையம் வாங்குகிறவர்கள் குட்டிக்குப் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். அந்த வெள்ளை இனத்தில் பிறவியிலேயே காது கேட்காத குட்டிகள் உண்டு. சைபீரியன் ஹஸ்கியைக் கும்பகோணத்துப் புழுக்கத்தில் வளர்ப்பது அந்த நாய்க்குச் செய்யும் கொடுமை. மூக்கு சப்பையான பக் நாய்க்கும் நம் சித்திரை மாதம் ஆபத்து.

தயிர்சாதம் மட்டும் போதுமா? எங்கள் வீடு சைவம்.

உயிரோடு இருக்கும், ஆனால் திடமாக இருக்காது. நாய்க்குச் சோறு செரிக்கும். வெறும் சோறும் தயிரும் தின்று வளரும் நாய்க்கு முடி மங்கும், சதை பிடிக்காது, புண் ஆற நாளாகும். குறை புரதத்தில்தான். முட்டைக்கு வீட்டில் தடை இல்லையென்றால் தினம் ஒரு வேகவைத்த முட்டை பெரிய உதவி. அதுவும் கூடாது என்றால் குழைய வேகவைத்த பருப்பு, பயறு, பனீர், இவற்றோடு கடையில் விற்கும் உலர் உணவையும் ஒரு பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். குட்டியும் சினை நாயும் இருக்கும் வீட்டில் இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

அசைவ வீட்டில் கோழியோ மீனோ வேகவைத்துப் பிசைந்து போடலாம். மீனில் முள்ளை எடுத்துவிடுங்கள். வேகவைத்த எலும்பு வேண்டாம், வெந்த கோழி எலும்பு ஊசி மாதிரி பிளந்து குடலைக் குத்தும். ஞாயிற்றுக்கிழமை மிச்சமான எலும்பைத் தின்றுவிட்டுத் திங்கட்கிழமை முக்கிக்கொண்டு நிற்கும் நாய்கள் எல்லா ஊரிலும் உண்டு. கருவாடு என்றால் ஊறவைத்து உப்பை எடுத்த பிறகு கொஞ்சமாக. பழைய சோறு புளித்து நுரைக்காமல் இருந்தால் கொடுக்கலாம்.

கொடுக்கவே கூடாதவை என்னென்ன?

வெங்காயமும் பூண்டும் முதலில். ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். சாம்பார் சாதம், ரசம் சாதம், குழம்பு ஊற்றிய சோறு எல்லாவற்றிலும் இவை இருப்பதை மறந்துவிடுகிறோம். ஒரு நாளில் ஒன்றும் தெரியாது, தினமும் போட்டால் நாய் மெல்ல வெளுத்துவிடும். திராட்சை, உலர் திராட்சை இரண்டும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கோயில் சர்க்கரைப் பொங்கலையும் பாயசத்தையும் அன்பாக நாய்க்கு வைக்கிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். சாக்லேட் கூடாது. சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டால் நாய்க்கு விஷம்.

நெய் கொடுத்தால் முடி கொட்டுமாமே?

கொட்டாது. அதிகமாகக் கொடுத்தால் பேதியாகும், உடல் பெருக்கும். முடி கொட்டினால் உண்ணி, சொறி, சத்துக்குறைவு இவற்றைத் தேடுங்கள்.

உண்ணியை ஒழிக்க முடியவில்லை. எத்தனை தடவை குளிப்பாட்டினாலும் வந்துவிடுகிறது.

ஏனென்றால் நாயின் மேல் இருப்பது மொத்த உண்ணியில் கொஞ்சம்தான். ரத்தம் குடித்துக் கொட்டைமுத்து அளவுக்கு ஊதிய பெண் உண்ணி தானாகக் கீழே விழும். பிறகு சுவர்மேல் ஏறி, வெடிப்பில், கதவு நிலையின் இடுக்கில், ஓட்டுச் சாய்ப்பின் கீழ், சாக்குக்கு அடியில் போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நீங்கள் நாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கும்போது அடுத்த தலைமுறை சுவரில் தயாராகிறது. ஆகவே நாய்க்கும் இடத்துக்கும் ஒரே சமயத்தில் வைத்தியம் நடக்க வேண்டும்.

நாய்க்கு இப்போது நல்ல மருந்துகள் வந்துவிட்டன. பிடரியில் ஊற்றும் சொட்டு மருந்து இருக்கிறது. ஒரு மாதமும் மூன்று மாதமும் தாங்கும் மாத்திரைகளும் இருக்கின்றன. எடைக்கு ஏற்ப மருத்துவர் எழுதித் தருவார். இடத்துக்கு: நாய் படுக்கும் சாக்கைக் கொதிநீரில் போடுங்கள் அல்லது எரித்துவிடுங்கள். சுவர் வெடிப்பைப் பூசுங்கள். வெள்ளையடிக்கும்போது மூலை முடுக்கை விடாதீர்கள். மருத்துவர் சொல்லும் மருந்தைத் தெளிக்கிற அன்று நாயை அந்த இடத்தில் கட்டாதீர்கள். ஒரு முறையோடு முடியாது, சில வாரம் விட்டு மறுபடி செய்ய வேண்டும்.

கையால் எடுப்பதானால் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். காதின் உள்மடிப்பு, கால்விரல் இடுக்கு, வால் அடி, கழுத்துப்பட்டையின் கீழ் என்று இந்த நான்கு இடத்தையும் தினம் பாருங்கள். விரலால் நசுக்க வேண்டாம், சோப்புத் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ போடுங்கள்.

ஒன்றை மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைத் தண்ணீரில் கலந்து நாயின் மேல் பூசாதீர்கள். மண்ணெண்ணெய், வண்டியின் கழிவு ஆயில் எதுவும் வேண்டாம். நாய் நக்கும், உடம்பு முழுக்க விஷம் இறங்கும். உண்ணி போகும், நாயும் போகும்.

உண்ணி கடித்த நாய் சோர்ந்து படுத்தாலோ, விட்டு விட்டுக் காய்ச்சல் வந்தாலோ, ஈறு வெளுத்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ, சிறுநீர் காபி நிறத்தில் போனாலோ ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். எர்லிக்கியா, பேபீசியா என்ற இரண்டு நோய்களையும் பரப்புவது உண்ணிதான். இரண்டுக்கும் மருந்து உண்டு. எர்லிக்கியாவுக்கு நான்கு வாரம் மாத்திரை கொடுக்கச் சொல்வார்கள். நாய் நான்காம் நாளே எழுந்து ஓடினாலும் மாத்திரையை நடுவில் நிறுத்தக் கூடாது.

பக்கத்து வயலில் எலிமருந்து வைத்திருக்கிறார்கள். நாய் அங்கேதான் சுற்றுகிறது.

நம் பக்கத்தில் வளர்ப்பு நாய்கள் திடீரென்று சாவதற்கு இது முக்கியமான காரணம். இரண்டு வகை மருந்து புழங்குகிறது, இரண்டும் வேறு வேறு விதமாகக் கொல்லும்.

ஒன்று ஜிங்க் பாஸ்பைடு. சாம்பல் கறுப்புத் தூள். பொரியிலோ கருவாட்டிலோ எண்ணெய் விட்டுக் கலந்து வளை ஓரமும் வரப்பு ஓரமும் வைப்பார்கள். கருவாட்டு வாசனையை நாய் விடுமா? வயிற்றுக்குள் போனதும் அமிலத்தோடு சேர்ந்து பாஸ்பின் என்ற விஷவாயுவாக மாறும். கால் மணி நேரத்திலிருந்து சில மணி நேரத்துக்குள் வாந்தி, வயிற்று வலி, மூச்சிரைப்பு, வலிப்பு வரும். இதற்கு மாற்று மருந்து கிடையாது, நேரம்தான் மருந்து. சோறோ பாலோ ஊட்ட வேண்டாம், வயிற்றில் அமிலம் கூடி விஷவாயு அதிகமாகும். உப்புக் கரைசல் ஊற்றி வாந்தி எடுக்கவைக்கவும் வேண்டாம். காரில் கொண்டுபோனால் கண்ணாடியை இறக்கிவிடுங்கள், அது வாந்தி எடுக்கும்போது வரும் வாயு உங்களுக்கும் கெடுதல்.

இன்னொன்று புரோமடியோலோன் கட்டி. வீட்டுப் பரணில் வைப்பதும் இதுதான். தின்ற அன்று நாய் நன்றாகவே இருக்கும். மூன்று முதல் ஐந்து நாள் கழித்து உள்ளே ரத்தம் கசியும். இருமல், சோர்வு, வெளுத்த ஈறு, மூக்கில் ரத்தம். இதற்கு வைட்டமின் கே1 என்ற மாற்று மருந்து இருக்கிறது. கட்டியைத் தின்றதைப் பார்த்தால் நாய் நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்காமல் அன்றே போங்கள். மருந்து அட்டையையும் கையோடு எடுத்துப்போங்கள், எந்த விஷம் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

குருணை மருந்தோ தெளிப்பு மருந்தோ உள்ளே போயிருந்தால் எச்சில் ஒழுகும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், உடம்பு நடுங்கும். அட்ரோபின் ஊசி உடனே கிடைத்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு.

தடுப்பது எப்படி? குறுவை நடவு முடிந்த ஆடி மாதத்திலும், சம்பா பொதி கட்டும் கார்த்திகை, மார்கழியிலும் பக்கத்து வயல்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: "மருந்து வைக்கிற அன்னிக்கு ஒரு போன் போடுங்கண்ணே, நாயைக் கட்டிப்போடறேன்." சொன்னால் கேட்காதவர்கள் நம் ஊரில் குறைவு. இன்னும் நல்ல வழி, தஞ்சாவூர்க் கிட்டி வைக்கிறவரைக் கூப்பிடுவது. மூங்கிலில் செய்த அந்த வில்பொறி எலியை மட்டும் பிடிக்கும், விஷம் எங்கும் சிதறாது. ஆந்தை வந்து உட்கார வயலில் குச்சி நட்டுவைப்பதும் பலன் தரும்.

மழைக்காலத்தில் நாய் மஞ்சள் காமாலை வந்து செத்தது. மனிதருக்கும் பரவும் என்கிறார்களே?

அது எலிக்காய்ச்சலாக இருக்க நிறைய வாய்ப்பு. லெப்டோஸ்பைரா என்ற கிருமி எலியின் சிறுநீரில் வெளியேறி, தேங்கிய தண்ணீரிலும் சேற்றிலும் உயிரோடிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வயலும் வாய்க்காலும் தெருவும் ஒரே தண்ணீராகக் கிடக்கும்போது, காலில் சிறு கீறல் இருந்தால் அதன் வழியாகவும், தண்ணீரைக் குடித்தால் வாய் வழியாகவும் நாய்க்குள் போகும். காய்ச்சல், வாந்தி, சாப்பாட்டில் வெறுப்பு, பின்னங்கால் வலி, பிறகு கண்ணும் ஈறும் மஞ்சளாகும். சிறுநீரகமும் கல்லீரலும் பாதிக்கப்படும்.

ஆம், மனிதருக்கும் வரும். வெறுங்காலோடு நடவு வயலில் இறங்குகிறவர்களுக்கு எலியிடமிருந்து நேராகவே வருகிறது. நோயுற்ற நாயின் சிறுநீரும் ஆபத்தானது. குணமான நாயும் சில மாதம் கிருமியைச் சிறுநீரில் விடக்கூடும். கையுறை போட்டுக் கழுவுங்கள், ப்ளீச்சிங் போடுங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், நாய்க்கு எலிக்காய்ச்சல் இருந்ததை டாக்டரிடம் சொல்லுங்கள்.

நாய்க்குப் போடும் கூட்டுத் தடுப்பூசிகளில் பலவற்றில் இதற்கான மருந்தும் சேர்ந்திருக்கும். வாங்கும்போது கேட்டு உறுதிசெய்யுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை போட வேண்டும். என்னைக் கேட்டால் புரட்டாசியில் போட்டுவிடுங்கள், மழை தொடங்கும்போது உடம்பு தயாராக இருக்கும். இரவில் நாய்த்தட்டில் மிச்சச் சோறு இருந்தால் எடுத்துவிடுங்கள், எலியை வீட்டுக்கு அழைப்பது அந்தத் தட்டுதான்.

பாம்பு கடித்துவிட்டால்?

நாய் பாம்பை முகர்ந்து பார்க்கும், குரைக்கும், அதனால் கடி பெரும்பாலும் முகத்திலோ முன்னங்காலிலோ இருக்கும். கண்ணாடிவிரியன் என்றால் அரை மணி நேரத்தில் மூஞ்சி ஒரு பக்கம் வீங்கி, கண் மூடிப்போய், கடிவாயில் ரத்தம் உறையாமல் வழிந்துகொண்டே இருக்கும். நல்ல பாம்பு என்றால் இமை தொங்கும், கால் தள்ளாடும், மூச்சு திணறும். கட்டுவிரியன் கடியில் வீக்கமே இருக்காது.

கயிறு கட்டுவது, கத்தியால் கீறுவது, வேப்பிலை அரைத்துப் பூசுவது எதுவும் வேண்டாம். நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். மனிதருக்குப் போடும் விஷமுறிவு மருந்துதான் நாய்க்கும். எல்லா இடத்திலும் இருப்பு இருக்காது என்பதால் கிளம்பும்போதே போன் செய்து கேளுங்கள். பாம்பைப் பிடித்து எடுத்துப்போக வேண்டியதில்லை. வைக்கோல்போர், விறகு அடுக்கு, தென்னை மட்டைக் குவியல் இவற்றின் பக்கத்தில் நாயைக் கட்டாமல் இருப்பதே பாதிப் பாதுகாப்பு.

தேரையைக் கவ்விவிட்டு வாயில் நுரை தள்ளுகிறது.

தேரையின் தோலில் நச்சுப்பால் இருக்கிறது. நாயின் தலையைக் கீழே சாய்த்து, குழாய்த் தண்ணீரை வாயின் பக்கவாட்டிலிருந்து விட்டு ஐந்து பத்து நிமிடம் கழுவுங்கள். தண்ணீர் தொண்டைக்குள் போகக் கூடாது. பெரும்பாலும் இதோடு சரியாகிவிடும். தள்ளாட்டமோ வலிப்போ வந்தால் மருத்துவரிடம் போங்கள்.

புண்ணில் புழு வைத்துவிட்டது. அந்துருண்டையைப் பொடித்துப் போடலாமா?

கூடாது. அந்துருண்டை நாய்க்கு விஷம், நக்கினால் ரத்தமும் கல்லீரலும் கெடும். புண்ணைச் சுற்றி முடியைக் கத்தரித்து, உப்புநீரால் கழுவி, கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கும் புழுநீக்கி மருந்தை அடித்தால் புழுக்கள் வெளியே நெளிந்து வரும். ஒவ்வொன்றாகச் சாமணத்தால் எடுங்கள். மேலே தெரிவதைவிட உள்ளே ஆழம் அதிகம் இருக்கும். காதுக்குள், கண்ணருகில், ஆசனவாய் பக்கத்தில் என்றால் நீங்களாக எதுவும் செய்ய வேண்டாம். மழைநாளில் சின்னக் கீறலையும் ஈ மொய்க்க விடாதீர்கள்.

எங்கள் வீட்டு நாய்தான் கடித்தது, லேசான கீறல்தான். ஊசி போட வேண்டுமா?

வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் தயவுசெய்து யோசிக்க நேரம் எடுக்காதீர்கள். வெறிநோய் அறிகுறி வந்துவிட்டால் மனிதரைக் காப்பாற்ற வைத்தியமே இல்லை. அறிகுறி வருவதற்கு முன்னால் ஊசி போட்டுக்கொண்டால் தடுத்துவிடலாம்.

முதலில் காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். பதினைந்து நிமிடம் என்பது நீண்ட நேரம், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காபித்தூள் எதையும் அப்பாதீர்கள். நேராக அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள், ஊசி இலவசம். தோலில் போடும் முறையில் கடித்த நாளை 0 என்று வைத்து 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடுவார்கள். தசையில் போட்டால் 0, 3, 7, 14, 28. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்பதெல்லாம் பழைய கதை. ரத்தம் வந்த கடி என்றால் காயத்திலேயே செலுத்தும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத மருந்தும் தேவை, அதைக் கேட்டு வாங்குங்கள். புண் உள்ள தோலை நாய் நக்கியிருந்தாலும் இதே வரிசைதான்.

கடித்த நாயைப் பத்து நாள் கட்டி வைத்துக் கவனிக்க வேண்டும், அடித்துக் கொல்லக் கூடாது. பத்து நாளும் அது நலமாக இருந்தால் மீதி ஊசி பற்றி டாக்டர் முடிவெடுப்பார். ஆனால் ஊசியைத் தொடங்கப் பத்து நாள் காத்திருக்கக் கூடாது. குழந்தைகளிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: நாய் கடித்தாலோ கீறினாலோ வீட்டில் திட்டமாட்டோம், வந்து சொல். அடி விழும் என்ற பயத்தில் மறைத்துப் பலியான பிள்ளைகள் உண்டு.

உங்கள் நாயைத் தெருநாய் கடித்திருந்தால், தடுப்பூசி போட்ட நாய்க்கும் உடனே மறு ஊசி தேவை. செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம். அதையொட்டிப் பல கால்நடை மருந்தகங்களில் இலவசத் தடுப்பூசி முகாம் நடக்கும், விசாரித்து வையுங்கள்.

எப்போதும் கட்டிப்போட்டுத்தான் வளர்க்கிறோம். தப்பா?

தப்புதான். 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவிலேயே, வழக்கமாகக் கட்டி வைக்கும் நாய்க்கு நியாயமான அளவு நடமாட்டம் கொடுக்காமலிருப்பதைக் கொடுமை என்று சொல்கிறது. சட்டம் கிடக்கட்டும், நாள் முழுக்க நாலடிச் சங்கிலியில் நிற்கும் நாய்தான் கடிக்கும் நாயாக மாறுகிறது. காலையும் மாலையும் அரை மணி நேரம் ஆற்றங்கரையில் நடத்திக் கூட்டிப்போங்கள். கொல்லையில் இரண்டு தென்னைக்கு நடுவில் கம்பி இழுத்து, அதில் ஒரு வளையத்தைக் கோத்துச் சங்கிலியை மாட்டினால் நாய் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடலாம். செலவு மிகக் குறைவு, நாயின் குணத்தில் ஒரே வாரத்தில் மாற்றம் தெரியும்.

கத்திரி வெயிலில் என்ன செய்வது?

நாய்க்கு வியர்ப்பது பாதத்தில்தான், மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். புழுக்கம் அதிகமான நம் ஊரில் அதுவும் சரியாக நடக்காது. தகரக் கொட்டகை, ஆஸ்பெஸ்டாஸ் சாய்ப்பு இவற்றின் கீழ் மதியத்தில் கட்டாதீர்கள். மாமர நிழலோ கீற்றுக் கொட்டகையோ போதும். மண்சட்டியில் தண்ணீர் வைத்து இரண்டு வேளை மாற்றுங்கள். நடைக்குக் கூட்டிப்போகும் முன் புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்துப் பாருங்கள், உங்களால் தாங்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது.

நாயின் இயல்பான உடல் சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 104ஐத் தாண்டி, இரைப்பு நிற்காமல், ஈறு செங்கல் நிறமாகி, நடை தள்ளாடினால் வயிறு, அக்குள், பாதங்களில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, மின்விசிறிக்கு நேரே வைத்து, அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

நாய்க்குக் காய்ச்சல். வீட்டில் இருக்கும் மாத்திரையைக் கொடுக்கலாமா?

வேண்டாம். இப்யூபுரூஃபன் நாயின் குடலில் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாரசிட்டமாலும் அளவு மீறினால் ஆபத்து. பூனைக்கு அது ஒரு மாத்திரையே எமன்.

தீபாவளி வெடிக்கு நடுங்குகிறது.

மாலையில் வெடிச் சத்தம் கூடும் முன்பே நடத்திக் கூட்டிவந்து, சாப்பாடு போட்டு, வீட்டின் நடு அறையில் விடுங்கள். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியும் டிவியும் ஓடட்டும். கட்டிலுக்கு அடியில் ஒளிந்தால் இழுக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து தடவிக் கொடுக்கலாம், அதனால் பயம் கூடிவிடாது. சென்ற வருடம் மிகவும் அவதிப்பட்ட நாய் என்றால் ஒரு வாரம் முன்பே மருத்துவரிடம் கேட்டால் பதற்றம் தணிக்க மருந்து தருவார். கழுத்துப்பட்டையில் உங்கள் போன் எண்ணை எழுதிவிடுங்கள், பயத்தில் வாசலைத் தாண்டி ஓடும் நாய்கள் அன்று இரவு நிறைய.

கருத்தடை பாவம் இல்லையா? ஒரு ஈற்றாவது போட்டபின் செய்யலாமே?

பெண் நாய் ஆண்டுக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும், சினைக்காலம் சுமார் 63 நாள். ஒவ்வொரு ஈற்றிலும் ஐந்தாறு குட்டிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அத்தனைக்கும் நல்ல வீடு கிடைக்குமா? பெட்டைக் குட்டிகளைச் சாக்கில் கட்டி வாய்க்கால் ஓரம் விட்டுவிட்டுப் போவதை நம் ஊரில் பார்க்காதவர் யார்? பாவம் என்றால் அதுதான் பாவம். ஒரு ஈற்று போட்டால்தான் உடம்புக்கு நல்லது என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு வயதாகும்போது கருப்பையில் சீழ் கட்டும் நோய் வரக்கூடும். பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் நிறையத் தண்ணீர் குடித்துச் சோர்ந்து படுத்தால் அதைச் சந்தேகியுங்கள், அவசர அறுவைச் சிகிச்சை தேவைப்படும். தெருவில் சுற்றும் ஆண், பெண் இரண்டுக்கும் இணைசேர்க்கையால் பிறப்புறுப்பில் ரத்தம் கசியும் கட்டி வருவதும் நம் பக்கம் அதிகம். அதற்கு மருந்து உண்டு, வாராவாரம் ஊசி போட வேண்டும்.

தெருநாய்களைப் பிடித்துப் பக்கத்து ஊரில் விட்டுவிடுவது தீர்வாகாது, 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும்.

புயல் எச்சரிக்கை வந்தால் நாயை என்ன செய்வது?

கட்டிய சங்கிலியோடு மட்டும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரை கடந்தபோது மரமும் கூரையும் எப்படி விழுந்தன என்பதை வேதாரண்யம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கட்டிய நாயால் விழும் மரத்திலிருந்தும் ஏறும் தண்ணீரிலிருந்தும் தப்ப முடியாது. முடிந்தால் கூடவே கூட்டிப்போங்கள். முடியாவிட்டால் கான்கிரீட் வீட்டுக்குள், மாடிப்படி இருக்கும் இடத்தில், இரண்டு நாளுக்குத் தண்ணீரும் உலர் உணவும் வைத்து அவிழ்த்துவிடுங்கள். தடுப்பூசி அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ரேஷன் அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். புயல் முடிந்த பிறகு அறுந்த மின்கம்பி கிடக்கும் தண்ணீரில் நாயை விடாதீர்கள்.

அவசரம் என்றால் எங்கே போவது?

உங்கள் ஊர் அரசு கால்நடை மருந்தகம் முதலில். பெரிய நோய், அறுவைச் சிகிச்சை, எக்ஸ்ரே என்றால் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். ஆடு மாடுகளுக்காகவே அது பெரும்பாலும் ஓடுகிறது என்றாலும் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. இரவு நேரத்துக்காக இரண்டு தனியார் மருத்துவர்களின் எண்களையாவது இன்றே போனில் பதிந்துவையுங்கள். பேசும்போது நாயின் வயது, எடை, கடைசியாக எப்போது சாப்பிட்டது, எதைத் தின்றது, வாந்தியிலோ பேதியிலோ ரத்தம் உண்டா, ஈறு என்ன நிறம் என்ற விவரங்களைச் சொன்னால், வரும் வழியில் என்ன செய்ய வேண்டும் என்பதை அவர் போனிலேயே சொல்லிவிடுவார்.